முதலில் வாடுவது

செப்டம்பர் 2, செவ்வாய்

'நார்த் லாரல்' சரக்குக் கப்பலுடன் நேற்று மாலை முதல் தொடர்பு இல்லை. சொன்னவர் கிருபாகரன், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் சென்னை முகவர் அலுவலகத்தில் இருப்பவர். காலையில் அவரே அழைத்தார். "பதற வேண்டாம் சார், சும்மா தகவலுக்குத்தான்" என்றார். பதற வேண்டாம் என்று ஓர் அலுவலகம் தானாக அழைத்துச் சொன்னால் அதைக் குறித்துவைக்க வேண்டும். கோத்தகிரி நிருபராக இருந்த முப்பது வருடத்தில் கற்றது அது. அதனால் இந்த நோட்டு.

கப்பலில் என் மகன் மதியழகன் சமையல்காரன். மலேசியாவின் கிளாங் துறைமுகத்திலிருந்து போன செவ்வாய் புறப்பட்டார்கள். மொம்பாசா போய்ச் சேர வேண்டியது ஒன்பதாம் தேதி.

வீட்டில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் சொன்னது செய்தி ஆகாது. இரண்டாவது ஆள் உறுதிப்படுத்தட்டும்.

வீட்டில் இன்று வேறு கலவரம். மருமகள் லோகேஸ்வரி சந்தையில் அரைக் கிலோ ஸ்னோ பீஸ் வாங்கி வைத்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து, என் மனைவி தெய்வானை முறத்தோடு உட்கார்ந்து அத்தனையையும் பட்டாணி உரிப்பதுபோல் உரித்துவிட்டாள். லோகா வந்து பார்த்தபோது கிண்ணத்தின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் புள்ளிகள் ஒரு கைப்பிடி கிடந்தன. தோல் முழுவதும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போய்விட்டது.

"ஏன் கண்ணு, உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. பிஞ்சுலயே பறிச்சுக் குடுத்திருக்காங்க" என்றாள் தெய்வானை.

லோகா கிண்ணத்தைப் பார்த்தாள், வெறும் முறத்தைப் பார்த்தாள். "அத்தை, தோலுதான் காயி. தோலுதான் சாப்பிடணும்."

"தோலா?"

"ஆமாலா."

"அப்ப நான் ஊத்திக் குடுத்த கழனித் தண்ணியோட அந்த மாடு உன்ற சமையலச் சாப்பிட்டுப்போச்சா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்தபடியே லோகா என்னைப் பார்த்து, "யாரு மாமா காலையில போன்ல?" என்று கேட்டாள். பத்திரிகை அலுவலகம் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணையதளத்தில் 'நார்த் லாரல்' மாலத்தீவுக்குத் தெற்கே திங்கள்கிழமை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அதன் பிறகு எதுவும் வரவில்லை என்பதே பொருள்.

நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

லோகாவோடு சந்தைக்குப் போனேன். அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கிளாங்கில் பிறந்து வளர்ந்தவள். பேச்சில் அந்த ஊர் 'லா' இன்னும் ஒட்டியிருக்கிறது. அங்கே கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் ஏற்றும் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிய தக்காளிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த சமையல்காரனை அங்கேதான் பார்த்திருக்கிறாள். அன்று நடந்தது சண்டை என்று இருவரும் சொல்வார்கள்.

ஸ்னோ பீஸ் விற்பது மாதியம்மா. கட்டபெட்டுப் பக்கம் சொந்த நிலத்தில் போட்டு, ஓட்டல்களுக்குக் கொடுத்தது போக மீதியைச் சந்தைக்குக் கொண்டுவருகிறாள். லோகா குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். உள்ளே விதைகள் நிழலாகத் தெரிந்தன. நிழல் சிறியதாக இருந்தால் எடுத்தாள். விதை புடைத்துத் தோல் தடித்திருந்தால் திரும்பப் போட்டாள். ஒன்றை வளைத்து ஒடித்தாள், சத்தம் வந்தது. இரண்டைச் சேர்த்துத் தேய்த்தாள். கீச்சென்றது.

"கத்தினா புதுசு, மாமா. கத்தலன்னா நேத்துப் பறிச்சது."

"இந்தப் பொண்ணு ஒண்ணொண்ணா பொண்ணு பாக்குது" என்றாள் மாதியம்மா என்னிடம். "எங்க வீட்டுல மருமக எடுத்தப்பகூட நான் இவ்வளவு பாக்கல."

"பாத்திருக்கணும்லா" என்றாள் லோகா. மாதியம்மா கையில் இருந்த காயாலேயே அவளை அடித்தாள்.

அப்போது கிருபாகரன் அழைத்தார். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பேசினேன். கப்பலின் இன்ஜின் அறையில் திங்களன்று தீ. அணைத்துவிட்டார்கள். கையில் வைத்துப் பேசும் வானொலி வழியாகத் துண்டு துண்டாக ஒரு தகவல் இன்னொரு கப்பலை எட்டி, அங்கிருந்து கம்பெனிக்கு வந்திருக்கிறது. இருபத்தொரு பேரும் கப்பலில்தான் இருக்கிறார்கள். இருவருக்குத் தீக்காயம்.

"பேர்?"

"வரல சார். ரெண்டு பேருன்னு மட்டும் வந்துச்சு. அப்புறம் கட் ஆயிருச்சு."

திரும்பி வந்தபோது லோகா காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸா மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். மிச்சக் காசு வாங்காமல் நடந்தாள். மாதியம்மா கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டாவது ஆள் கிடைத்தாயிற்று. ஜெனிட்டா, தூத்துக்குடி. அதே கப்பலின் மூன்றாவது இன்ஜினியர் அவள் கணவர். அவளுக்கும் அதே தகவல்: தீ, அணைந்தது, இருவர். பெயர் இல்லை. செய்தி இப்போது உறுதியானது. உறுதியானால் வீட்டில் சொல்வேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். பெயர் தெரியட்டும், முழுதாகச் சொல்லலாம்.

சமையலறையில் லோகா தெய்வானைக்குப் பாடம் நடத்தினாள். தெய்வானை ஒரு காயை எடுத்து நேர் ஓரத்தைப் பிரித்துத் திறக்கப் போக, "அத்தை!" என்று கத்தினாள். நுனியை ஒடித்து, ஒட்டிக்கொண்டு வரும் நாரை நேர் ஓரத்தோடு கீழே இழுக்க வேண்டும். பிறகு காம்பை ஒடித்து மற்ற ஓரம். பிஞ்சாக இருந்தால் ஒரு பக்கம்தான் நார் வரும். நார் விட்டுப்போனால் எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் நூலாக நிற்கும்.

"இத குக்கர்ல வெச்சு, தேங்காயப் போட்டு..."

"குக்கர்ல வெச்சா பாயசமாயிரும் அத்தை."

கிளாங்கிலிருந்து கொண்டுவந்த இரும்புக் குவாலியை அடுப்பில் வைத்தாள். நம் இரும்புச் சட்டிதான், கொஞ்சம் அகலம். புகை வரும்வரை காயவிட்டாள். எண்ணெய், நசுக்கிய பூண்டு. காயைக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றியிருந்தாள். போட்டதும் சடசடவென்று பொரிந்தது. நான்கு பிரட்டல், உப்பு, விளிம்போரம் ஒரு கரண்டி தண்ணீர். பச்சை சட்டென்று பளிச்சென மாறியது. அந்த நொடியில் அடுப்பை அணைத்துத் தட்டில் கொட்டினாள். குவாலியிலேயே விட்டால் அணைத்த பிறகும் வெந்துகொண்டிருக்குமாம்.

"இவ்வளவுதானா?" என்றாள் தெய்வானை. "அடுப்புப் பத்த வெச்ச நேரங்கூட ஆகல."

சாப்பிடும்போது லோகா சொன்னாள். கப்பலில் சமையல்காரனுக்கு மெனு என்று ஒன்று இல்லை. முதலில் வாடுவது எதுவோ அதுதான் முதலில் சமையல். கீரை, ஸ்னோ பீஸ் முதல் வாரம். அப்புறம் பீன்ஸ், காலிஃபிளவர். பிறகு கேரட், முட்டைக்கோஸ். கடைசியில் பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம்.

"அவரு இன்னிக்கு இதத்தான் போட்டிருப்பாரு. எங்க கடையிலதான் ஏத்தி விட்டது. ரெண்டு பெட்டி. இன்னிக்கோட முடிஞ்சிரும்" என்றாள்.

தட்டில் நான்கைந்து காய்கள் மிச்சம் இருந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

மதியம் பீன்ஸ். கிருபாகரன் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

உறுதியானது: கப்பலில் மின்சாரம் இல்லை. இன்ஜின் அறைத் தீயில் ஜெனரேட்டர்கள் போய்விட்டன. ஓட்டம் இல்லாமல் அலையில் மிதக்கிறது. சொன்னவர்கள் கிருபாகரன், ஜெனிட்டா. தோட்டத்தில் நின்று பேசினேன். வீட்டுக்குள் கேட்டிருக்காது.

இன்று சாப்பாட்டில் ஒரு விஷயம். மேசை நிறையக் காய். பீன்ஸ், காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய், இன்னும் ஏதோ கீரை. வாரத்துக்கு வாங்கி வைத்த எல்லாவற்றையும் லோகா ஒரே வேளையில் சமைத்திருந்தாள். பாதிக்கு மேல் மிஞ்சியது.

"என்ன கண்ணு, கல்யாணமா?" தெய்வானைக்குக் கோபம். "யாரு திங்கறது இத்தனையும்?"

"கெட்டுப்போறதுக்கு முன்னாடி சமைச்சிட்டேன் அத்தை."

"ஃபிரிட்ஜ்ல இருக்கறது எப்படிக் கெட்டுப்போகும்?"

லோகா மிஞ்சியதை மூடி வைத்தாள். நான் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். விளக்கு எரிந்தது. குளிர்ச்சி நன்றாக இருந்தது. ரிப்பேர் எதுவும் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பூசணிக்காய்க் கூட்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

பூசணிக்காய்ப் பொரியல். கப்பல் மொம்பாசா சேர வேண்டிய நாள் இன்று. வீட்டில் அதை யாரும் சொல்லவில்லை. தெய்வானை வழக்கமாக மகன் கரை சேரும் நாளில் காலையிலேயே போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். இன்று போடவில்லை. மறந்திருக்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

இதை உள்ளபடி எழுத வேண்டும்.

பசியாறும் நேரம். லோகா காலை உணவை அப்படித்தான் சொல்வாள். இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: "மொம்பாசாவுல துறைமுகத்துல இடம் இல்லையாம். வெளியில நிறுத்தி வெச்சிருக்காங்களாம். இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும்."

லோகா சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "யாரு சொன்னா மாமா?"

"ஆபீஸ்ல."

"எந்த ஆபீஸ்? ஆளு பேரு?"

முப்பது வருடம் நான் அடுத்தவர்களிடம் கேட்ட கேள்வி. தாசில்தார், எம்.எல்.ஏ., இன்ஸ்பெக்டர் எல்லோரிடமும் கேட்டது. பதில் இல்லாதபோது அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

"கரன்ட் இல்லாம எப்படி மாமா துறைமுகத்துக்கு வெளிய நிக்கும்?" என்றாள் லோகா. சத்தம் உயரவில்லை. "எங்க கடையில இன்னும் என் கூட்டாளி ஒருத்தி இருக்கா. மூணாந்தேதியே மெசேஜ் போட்டுட்டா. கம்பெனிக்காரங்க அவங்ககிட்டதான் கேட்டாங்களாம், எத்தன நாளுக்குச் சாமான் ஏத்துனீங்க, குளிர் அறை இல்லாம எத்தன நாள் தாங்கும்னு. அதக் கேட்டா எனக்குத் தெரியாதா?"

பீன்ஸ், காலிஃபிளவர், பூசணி என்று நான் இங்கே எழுதி வந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"நீ ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அத்தைக்குத் தெரிய வேணாம்னு நினைக்கிறீங்கபோலன்னு..."

"அத்தைக்கென்ன?" என்றாள் தெய்வானை சமையலறை வாசலில் நின்று. கையில் இட்லித் தட்டு. "ரெண்டு பேருக்குக் காயம், பேரு தெரியல. அதான? ஏனுங்க, நீங்க தோட்டத்துல நின்னு ரகசியம் பேசுனா அந்த மாட்டுக்கே தெரியும். இந்தப் புள்ள தாங்க மாட்டான்னு நான் வாயத் தொறக்கல."

மூவரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரு வாரம் இதே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம்.

லோகா சொன்னாள்: "தீப்பிடிச்சா ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை உண்டு மாமா. சமையல்காரரு ஸ்ட்ரெச்சர் தூக்கணும். தீ கிட்டக்க அவரு போகக் கூடாது." தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆனா போவாரு" என்றாள்.

தெய்வானை அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

உருளைக்கிழங்கு.

மாலை மாதியம்மா பேத்தியிடம் ஒரு பை ஸ்னோ பீஸ் கொடுத்தனுப்பியிருந்தாள். "அந்தப் பொண்ணு ஒரு வாரமா வரல, உடம்புக்கு என்னன்னு கேக்கச் சொன்னாங்க." லோகா பையை வாங்கி மேசையில் வைத்தாள், திறக்கவில்லை. காய் துவண்டுபோகும் என்று தெய்வானைதான் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்தாள். வாடின காய் தண்ணீரில் போட்டால் ஒரு தடவை எழுந்து நிற்கும், இரண்டாவது தடவை எழாது என்று லோகா முன்பு சொல்லிக்கொடுத்தது. போட்டுவிட்டு வந்து வந்து பார்த்தாள். எழுந்து நின்றது. ஆனாலும் சமைக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு புகைப்படம் வந்திருக்கிறது. அனுப்பியது ஜெனிட்டா. அவளுக்குக் கம்பெனியிலிருந்து வந்தது. நேற்று அந்த வழியாகப் போன ஒரு கப்பல் அலை காரணமாக நெருங்க முடியாமல் தள்ளி நின்று, கயிற்றில் கட்டித் தண்ணீர் கேன்களை மிதக்கவிட்டிருக்கிறது. பேச முடியவில்லை. அங்கிருந்து எடுத்த படம். படம் நேற்றையது என்பதைக் கிருபாகரனும் உறுதிசெய்தார்.

மேல்தளம் தெரிகிறது. ஒரு பக்கம் கரி படிந்திருக்கிறது. பாதியாக வெட்டிய டிரம்மில் அடுப்பு, மேலே அண்டா, புகை. அருகே மூன்று பேர். ஒருவர் தலையில் துண்டு. முகங்கள் தெரியவில்லை.

தெய்வானை ஒரே பார்வையில் சொன்னாள்: "துண்டு கட்டியிருக்கறது அவந்தான். அது என்ற பையன் தோளு."

நான் படத்தைப் பெரிதாக்கினேன். தோள் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக நிறம்தான் இருந்தது. யாருடைய தோள் என்றும் சொல்லலாம்.

லோகா மனிதர்களைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் விரலை வைத்து இழுத்தாள். நிழல் விழும் இடத்தில் தளத்தின் மேல் பூசணிக்காய்கள். கயிறு சுற்றி வளையம் செய்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பூசணி. காம்பு மேலே பார்த்திருந்தது. ஒன்றோடு ஒன்று படவில்லை.

"ஒண்ணு மேல ஒண்ணு பட்டா அந்த இடத்துல அழுகிரும். அதுக்காக இப்படி வைப்பாரு. வேற எந்தக் கப்பல்லயும் இத நான் பாத்ததில்ல."

"அப்ப அவன்தான்" என்றாள் தெய்வானை.

லோகா மறுபடி அந்தப் பூசணிகளைப் பெரிதாக்கினாள். பிறகு, "ரஹீம்னு ஒரு பையன் இருக்கான், கூட வேலை செய்யறவன். அவன் அடுக்கினாலும் இப்படித்தான் அடுக்குவான். இவருதானே சொல்லிக்கொடுத்தாரு" என்றாள்.

தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

உறுதியானது: படம் நேற்று எடுக்கப்பட்டது. கப்பலில் யாரோ ஒருவர் முறையாகச் சமைக்கிறார். யார் என்பது உறுதியாகவில்லை.

செப்டம்பர் 13, சனி

ஜெனிட்டா அழைத்தாள். என்னிடம் தகவல் எதுவும் கேட்கவில்லை. "சார், அந்த ரெண்டு பேர்ல எங்க வீட்டு ஆளு இருக்கக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணுதேன். உங்க பையனும் இருக்கக் கூடாதுன்னு சேத்துதான் பண்ணுதேன். அப்புறம் யோசிச்சா, அப்ப நான் வேற யாரு வீட்டுக்கோ அனுப்புதேன். எப்படி சார் ஜெபம் பண்ணணும்?"

எனக்குத் தெரியவில்லை, அம்மா என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். லோகாவிடம் போனைக் கொடுத்தேன். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். காதில் விழுந்தவரை எல்லாம் சமையல்தான். குழம்புக்கு எவ்வளவு புளி, தூத்துக்குடியில் என்ன மீன் என்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

உறுதியானது: இழுவைக் கப்பல் இன்று மாலை கொழும்பிலிருந்து புறப்பட்டது. சொன்னவர் கிருபாகரன். இணையதளத்தில் நானும் பார்த்தேன், துறைமுகத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. அதில் ஒரு மருத்துவர் இருக்கிறார். செயற்கைக்கோள் போன் இருக்கிறது. சேர்ந்ததும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பேசுவார்கள் என்றார் கிருபாகரன். "எல்லாரும் பேசுவாங்களா?" என்று கேட்டேன். "பேச முடிஞ்சவங்க எல்லாரும் சார்" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே வீட்டில் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சந்தைக்கு நான் தனியாகப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

மாதியம்மா புதுக் குவியல் கொட்டியிருந்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். விதை நிழல் பெரிது, திரும்பப் போட்டேன். அடுத்தது சிறிது, எடுத்தேன். காம்பின் தொப்பி பச்சையாக இருக்கிறதா பார்த்தேன். இரண்டைத் தேய்த்தேன், கத்தவில்லை. வேறு இரண்டைத் தேய்த்தேன். கீச்சென்றது.

"மருமக பாக்கற மாதிரியே பாக்கறீங்க" என்றாள் மாதியம்மா. "எப்ப சமைக்கணும்?"

"வியாழக்கிழமை."

"அவ்வளவு நாள் வெக்கறதுன்னா நார் எடுக்காதீங்க. தண்ணி படக் கூடாது. பேப்பர்ல சுத்தி ஃபிரிட்ஜ்ல அடியில வைங்க. தாங்கும்."

வீட்டில் பையைப் பார்த்ததும் தெய்வானை முறத்தை எடுத்து மடியில் வைத்தாள். லோகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. நார் எடுத்தா வாட ஆரம்பிச்சிரும். இப்படியே இருந்தா வியாழன் வரைக்கும் நிக்கும்."

"அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கறதா?"

"ம்."

"பேசட்டும்" என்றாள் தெய்வானை முறத்தை மடியிலிருந்து இறக்காமல். "அவன் பேசட்டும். நானே நார் எடுக்கறேன். ஒண்ணுகூட உரிக்க மாட்டேன்."

லோகா என் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, காய்களை ஈரம் இல்லாமல் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் பரப்பிச் சுற்றினாள். நான்கு பேருக்கு வரும் அளவு. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கதவின் மேல் கையை வைத்திருந்தாள்.

ஸ்னோ பீஸ் வியாழன் வரை தாங்கும். சொன்னவர்கள் இருவர்: மாதியம்மா, லோகேஸ்வரி.

காயம்பட்ட அந்த இருவரின் பெயர்கள் இன்னும் வரவில்லை. இழுவைக் கப்பல் வியாழன் காலை சேரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.